யூடியூப்ல இருக்கே, அப்புறம் எதுக்கு?

ஸ்ரீரங்கத்துல அக்கா வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கேட்ட கேள்வி இது. கேட்டுட்டு காபி குடிச்சுட்டுப் போயிட்டார். எனக்குத்தான் ஆறல.

ஹால் முழுக்க இசைத்தட்டுகளப் பரப்பி வச்சுக்கிட்டு, ரெக்கார்டு பிளேயரையும் லேப்டாப்பையும் ஒயர் போட்டு இணைச்சு, ஒவ்வொரு தட்டா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எல்லாப் பாட்டும் யூடியூப்லயே இருக்கே, அப்புறம் எதுக்கு இவ்ளோ பாடு?"ன்னார். சரி, நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயத் திறக்குறதுக்குள்ள அடுத்ததும் வந்துச்சு. "அதுவும் அவருக்கு என்ன தெரியப் போவுது?"

'அவர்'னா எங்க பெரியப்பா. கூப்பிடு தூரத்துல, பிரம்பு நாற்காலியில உக்காந்திருந்தார்.

மறதி நோய் வந்தவங்கள வச்சுக்கிட்டே அவங்களப் பத்தி இப்படிப் பேசறது இருக்கு பாருங்க, அதை விடப் பெரிய அநியாயம் எதுவும் இல்ல. (படிக்கிற உங்க வீட்டுல யாராவது இப்படிப் பேசினா தயவுசெஞ்சு தடுங்க. ஞாபகம் போனா காதும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.)

அந்த ரெண்டு கேள்விக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும். பொறுத்துக்கங்க.

முதல்ல பெரியப்பா யாருன்னு சொல்லிடறேன். பாலக்கரையில மைக் செட் போட்டவர். சின்னப் பையனா ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில எடுபிடியா சேர்ந்து, குழாய் தூக்கி, ஒயர் சுத்தி, தொழில் கத்துக்கிட்டு, பின்னாடி அந்தக் கடையையே முதலாளிகிட்டேர்ந்து வாங்கினார். கடையோட சேர்த்து ரெக்கார்டு பெட்டியும் அவர் கைக்கு வந்துச்சு.

பாலக்கரையில மைக் செட் போடறதுன்னா சும்மா இல்ல. சகாய மாதா கோயில் திருவிழாவா, பெரியப்பா. நத்தர்வலி தர்கா சந்தனக்கூடா, பெரியப்பா. சமயபுரத்துக்கு பூத்தட்டு கிளம்புற தெருவா, அங்கயும் பெரியப்பாதான். நடுவுல கட்சிக் கூட்டம், காதுகுத்து, கல்யாணம், புதுக் கடை திறப்பு. ஒரே பெட்டிக்குள்ள எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டும், நாகூர் ஹனிபாவும், பி.சுசீலா பாடின மாதா பாட்டும் தோளோட தோள் ஒட்டி நிக்கும். எந்த ஊர்வலத்துக்கு எந்தத் தட்ட எடுக்கணும்னு அவர் ஒரு நாளும் தடுமாறினதில்ல.

சிவாஜி வெறியர் வேற. (எங்க ஏரியாவுல பிரபாத் தியேட்டர் பக்கத்து ரவுண்டானாவுல வச்ச சிவாஜி சிலை வருஷக்கணக்கா திறக்கவே திறக்காம, மூடின துணியோட நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? அந்த வழியா பஸ்ல போறப்ப எல்லாம் பெரியப்பா மூஞ்சியத் திருப்பிக்குவார். பார்க்க மனசு ஆகாதாம்.)

கேசட் வந்துச்சு, சிடி வந்துச்சு, கூம்புக் குழாய்க்குத் தடை வந்துச்சு. கடைய மூடினார். பெட்டிய மட்டும் விக்கல.

இப்ப கொஞ்ச வருஷமா டிமென்ஷியா. பாலக்கரை வீட்டுல பெரியம்மாவால தனியாப் பார்த்துக்க முடியலன்னு அக்கா ரெண்டு பேரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. காலையில நல்லாத்தான் இருப்பார். வெயில் இறங்க ஆரம்பிச்சா அவர் வேற ஆள். சட்டை மாட்டுவார், கதவுத் தாழ்ப்பாளைத் துழாவுவார். "கடைக்கு நேரமாயிடுச்சு. பசங்க நிப்பானுங்க."

கடை இல்லன்னு சொன்னா கோவம். பசங்க இல்லன்னு சொன்னா அழுகை. ஒருநாள் அம்மா மண்டபம் ரோடு வரைக்கும் போயிட்டார். தெரிஞ்ச பூக்காரம்மா பார்த்து, பேச்சுக் கொடுத்து உக்கார வச்சிருந்தாங்க. அந்தம்மாவுக்குக் கோடி நன்றி.

சாயங்காலம் ஆனா இந்த நோயாளிகளுக்குப் பதட்டம் கூடறது உலகம் பூரா இருக்கிறதுதான். டாக்டரும் சொன்னார், மருந்து கொடுத்தார், ராத்திரி தூக்கத்தப் பத்தி அறிவுரை சொன்னார். எல்லாம் செஞ்சோம். ஆனா எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பெரியப்பாவோட சாயங்காலம் சும்மா சாயங்காலம் இல்லையே. வாழ்நாள் முழுக்க அந்த நேரத்துலதான் அவர் மரத்துல ஏறிக் குழாய் கட்டினார். பொண்ணு அழைப்பு அந்த நேரம். சப்பரம் கிளம்பறது அந்த நேரம். கூட்டம் ஆரம்பிக்கிறது அந்த நேரம். அவர் கடைக்குப் போகணும்னு கேக்கறதுல என்ன தப்பு?

சரி, பாட்டு போட்டுப் பார்ப்போம்னு தோணினது அப்பதான்.

இப்ப சொந்தக்காரரோட முதல் கேள்விக்கு வர்றேன். யூடியூப். முதல்ல நானும் அதைத்தான் செஞ்சேன். டிவியில யூடியூப் போட்டு, 'பாசமலர்' படத்துல எல்.ஆர்.ஈஸ்வரி பாடின கல்யாணப் பாட்டைத் தேடி வச்சேன். 1961ல வந்த படம். இன்னிக்கு வரைக்கும் தமிழ்நாட்டுல அந்தப் பாட்டு இல்லாம கல்யாண வீடு இல்ல. பெரியப்பா போட்டுப் போட்டுத் தேய்ஞ்ச தட்டு அது.

பாட்டுக்கு முன்னாடி ஒரு விளம்பரம். பாதியில இன்னொரு விளம்பரம். திடீர்னு ஒரு ஆள் கத்தி ஏதோ ஆப் வாங்கச் சொல்றான். பெரியப்பா பயந்துட்டார். சரின்னு விளம்பரம் இல்லாத மாதிரி டவுன்லோட் பண்ணி போட்டேன். அமைதியாக் கேட்டார். அவ்வளவுதான். விரல் கூட அசையல. டிவியில யார் யாரோ நடமாடறத வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம்தான் பாலக்கரை வீட்டுப் பரணேறி அந்தப் பெட்டிய இறக்கினோம்.

பெட்டிய நீங்க பார்த்திருக்கணும். ஒவ்வொரு உறை மேலயும் பென்சில்ல பெரியப்பா கையெழுத்து. பாட்டு பேர் இல்ல, படம் பேர் இல்ல. 'பொ.அழைப்பு முதல்'. 'மாலை மாத்தும்போது'. 'பந்தி – மெதுவா'. 'தர்கா ராத்திரி'. 'மாதா தேர் திரும்பும்போது'. 'மழை வந்தா'. ஒண்ணுல 'சாவு வீட்டுக்கு ஆகாது'ன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கு. (ஏன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன். "அதெல்லாம் ஒரு கதைடா தம்பி"ன்னு சிரிச்சாங்களே தவிர சொல்லல.)

ஒரு மனுஷனோட மொத்தத் தொழிலும் அந்தப் பென்சில்லதான் இருந்துச்சு. எந்தப் பாட்டு எந்த நிமிஷத்துக்குன்னு. இதை எந்த யூடியூப்ல தேடறது?

முடிவு பண்ணிட்டேன். இந்தத் தட்டுகளத்தான் ஏத்தணும்.

இனிமே கொஞ்சம் தொழில்நுட்பம். வீட்டுல பழைய ரெக்கார்டு வச்சிருக்கிறவங்க கவனமாப் படிங்க.

பெட்டியில மூணு வகை இருந்துச்சு. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது, 45 சுத்தறது, 33 சுத்தறது. 45ம் 33ம் வினைல், பிளாஸ்டிக் வகை. வளையும், சட்டுனு உடையாது. 78 அப்படி இல்ல, அரக்கு. நிஜமாவே அரக்குப் பூச்சியிலேர்ந்து எடுக்கிற அதே அரக்குதான், கல் பொடியெல்லாம் கலந்து அழுத்திச் செய்யறது. பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பாட்டு. கைதவறிக் கீழ போட்டா கதை முடிஞ்சுது. நம்ம நாட்டுல 1960கள் வரைக்கும் 78 வந்துக்கிட்டு இருந்துச்சு. அதனால 'பாசமலர்' பாட்டெல்லாம் அதுலயும் கிடைக்கும்.

தூசி துடைக்கலாம்னு உக்காந்தப்ப பெரியம்மா உதவிக்கு வந்தாங்க, கையில கொரோனா காலத்துல வாங்கின சானிடைசர் பாட்டிலோட. பாய்ஞ்சு போய் வாங்கி வச்சேன். இதைப் பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும்: அரக்குத் தட்டு மேல ஸ்பிரிட்டு, சானிடைசர், ஆல்கஹால் கலந்த எதுவும் படவே கூடாது. அரக்கு கரைஞ்சுடும். பாட்டும் சேர்ந்து கரைஞ்சுடும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிசு துணி, பள்ளம் போற திசையிலயே துடைக்கணும். நடுவுல இருக்கிற லேபிள்ல ஈரம் படக்கூடாது. முடிஞ்சதும் நிமித்தி வச்சு காய விடணும். திருச்சி வெயில்ல மட்டும் காய வச்சுடாதீங்க, வினைல் அப்பளமா நெளிஞ்சுடும்.

அடுத்தது முள்ளு. நண்பர் ஒருத்தர் நல்ல பிளேயர் ஒண்ணு இரவல் கொடுத்தார். ஆனா அதுல 33ம் 45ம்தான் இருக்கு, 78 இல்ல. முள்ளும் வினைலுக்கான முள்ளு. 78 தட்டோட பள்ளம் ரொம்ப அகலம், அதுக்கு முனை ஏறக்குறைய 75 மைக்ரான் இருக்கணும். வினைல் முள்ளோட முனை 18 மைக்ரான் பக்கம். அதைப் போட்டா பள்ளத்தோட ரெண்டு சுவரையும் தொடாம, அடியில இருக்கிற அழுக்குலயே உரசிக்கிட்டுப் போகும். சத்தம் சர்ர்ருன்னு மண்ணரிக்கும். 78க்குன்னே தனியா முள்ளு விக்கறாங்க, வரவழைச்சுப் போட்டேன். அந்த ஒரு முள்ளுல பாதி இரைச்சல் போயிடுச்சு. இதுக்கு செலவு பண்ண யோசிக்காதீங்க.

வேகத்துக்கு ஒரு வழி இருக்கு. 78 தட்டை 45 வேகத்துலயே ஓட விட்டுப் பதிஞ்சுட்டு, அப்புறம் ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுல வேகத்த 78க்கு மாத்திக்கலாம். 45லேர்ந்து 78ன்னு ரெடியாவே குடுத்திருக்கான். மூணு நிமிஷப் பாட்டுப் பதிய அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுதான் ஒரே தொல்லை.

முதல் தட்ட அப்படி ஓட விட்டேன். டி.எம்.எஸ். குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற ராட்சசன் குரலா மாறிடுச்சு. நான் பாட்டுக்கு லேப்டாப்புல அளவு பார்த்துக்கிட்டு இருக்கேன்.

உள் ரூம்லேர்ந்து ஒரு அதட்டல்.

"டேய்! எவன்டா அது ஸ்பீடு மாத்தாம போட்டிருக்கிறது?"

பெரியப்பா. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வேகவேகமா வந்தார். பிளேயர் முன்னாடி குனிஞ்சார். கை நேரா அந்த வேக நெம்புகோல் இருக்க வேண்டிய இடத்துக்குப் போச்சு. அங்க இல்ல. தேடினார். "எழுவத்தெட்டுல போடுடா. மானம் போவுது."

என் பேர் அவருக்கு அன்னிக்குத் தெரியாது. யாரோ கடைப் பையன்னு நினைச்சுட்டார். ஆனா தட்டு 78ன்னு உள் ரூம்லேர்ந்தே காதால கண்டுபிடிச்சுட்டார். அக்கா சமையல்கட்டுலேர்ந்து கரண்டியோட ஓடிவந்து நின்னாங்க, பேச்சே வரல அவங்களுக்கு.

"சரி முதலாளி, மாத்திடறேன்"னேன். மாத்தித்தான் ஆகணும்!

(சொந்தக்காரரே, நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.)

அதுக்கப்புறம் பதியற வேலைய அவர் மதியம் தூங்கற நேரத்துல ஹெட்போன் மாட்டி வச்சுக்கிட்டேன். தப்பான வேகத்துல கேட்க வச்சு அவரக் கஷ்டப்படுத்த வேணாம் பாருங்க.

இன்னும் ரெண்டு சங்கதி சொல்லிடறேன். 78ல பாட்டு மோனோ. ஸ்டீரியோ முள்ளால எடுத்தா இடது வலது ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துடுங்க, இரைச்சல் கணிசமாக் குறையும். அப்புறம், அந்தக் காலத்துல ஒவ்வொரு கம்பெனியும் பாஸ், டிரெபிள அவங்கவங்க அளவுல வெட்டிப் பதிஞ்சாங்க. 1954க்கு மேலதான் ஆர்.ஐ.ஏ.ஏ.ன்னு ஒரே அளவு வந்துச்சு. அதனால சில பழைய தட்டு இன்னிக்கு பிளேயர்ல மங்கலாவோ கீச்சுனோ கேக்கும். காதால கேட்டுத் திருத்திக்க வேண்டியதுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். இரைச்சல எவ்வளவு எடுக்கறது?

மென்பொருள்ல ஒரு பட்டன் அமுக்கினா சர்ர்ரு, டப்பு டப்பு எல்லாம் போயிடும். கூடவே குரலோட உசிரும் போயிடும், தண்ணிக்குள்ளேர்ந்து பாடற சத்தமாயிடும். அது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம் பெரியப்பா.

ஒரே பாட்டை ரெண்டு விதமா வச்சுப் பார்த்தேன். பளிச்னு துடைச்சு எடுத்தது ஒண்ணு. முள்ளு இறங்கற 'டொக்', அப்புறம் வர்ற சரசரப்பு, நடுவுல கீறல், எல்லாத்தையும் அப்படியே விட்டது ஒண்ணு. முதலாவதுக்கு, யூடியூபுக்கு இருந்த அதே முகம். ரெண்டாவதுல அந்த 'டொக்' கேட்ட உடனே நிமிர்ந்தார். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

அந்த கல்யாணப் பாட்டுத் தட்டுல ஒரு இடத்துல கீறல். முள்ளு ரெண்டு வார்த்தையத் தாண்டிக் குதிச்சுடும். பெரியப்பா கூடவே முணுமுணுத்துக்கிட்டு வந்தார். கீறல் வந்துச்சு. அவரும் தாண்டினார். சரியா அதே ரெண்டு வார்த்தைய விட்டுட்டு, தாளம் பிசகாம அடுத்த வார்த்தையில வந்து நின்னார். அவருக்கு அந்தப் பாட்டே அப்படித்தான். கீறல் இல்லாத பாட்டு வேற யாரோடதோ.

அதனால கீறல்ல கை வைக்கல. காதக் குத்தற பெரிய வெடிச் சத்தம் மட்டும் எடுத்தேன்.

இன்னொண்ணு. தியாகராஜ பாகவதர் தட்டு சிலது முதலாளி காலத்துலேர்ந்து பெட்டியில இருக்கு. (பாகவதர் நம்ம திருச்சிக்காரராவே வாழ்ந்தவர். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து மூணு தீபாவளி பார்த்த படம். 1959ல காலமானார், சமாதி பாலக்கரைய ஒட்டின சங்கிலியாண்டபுரத்துல. அவரோட இறுதி ஊர்வலத்துக்குப் போனதா பெரியப்பா நல்லா இருந்தப்ப அடிக்கடி சொல்வார்.) மூணு நிமிஷத்துக்குள்ள அடங்காத பாட்ட அந்தக் காலத்துல ரெண்டு பாகமாப் பிரிச்சு ரெண்டு பக்கத்துல போடுவாங்க. கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டையும் ஒட்டி ஒரே பாட்டா ஆக்கறது ஒரு நிமிஷ வேலை. செய்யலாம்னு உக்காந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒட்டாம ஒரு தடவை போட்டேன். முதல் பக்கம் முடிஞ்சு, முள்ளு உள்வட்டத்துல சுத்தற சத்தம் மட்டும் கேக்குது. பெரியப்பா ரெண்டு கையும் மடியிலேர்ந்து எழும்பிச்சு. உள்ளங்கை ரெண்டும் தட்டோட விளிம்பப் பிடிக்கிற அகலத்துக்கு விரிஞ்சுது. விரல் நுனி பாட்டு மேல படாம, விளிம்பு மட்டும். மணிக்கட்டு ஒரு திருப்பு. இறக்கி வச்சார். ஒரு விரலால முள்ளு முனையில இருக்கிற தூசியத் தட்டி விட்டார். எல்லாம் வெறும் காத்துல.

ஒட்டவே இல்ல. நடுவுல அந்த இடைவெளிய அவருக்காகவே கொஞ்சம் நீட்டி வச்சிருக்கேன். திருப்பிப் போட நேரம் வேணும் இல்லையா.

அப்புறம் சாயங்காலத்துக்கு வருவோம்.

பென்சில் எழுத்துப்படியே ஃபோல்டர் போட்டேன். 'பொண்ணு அழைப்பு', 'முகூர்த்தம்', 'பந்தி', 'தர்கா', 'மாதா', 'கட்சி', 'மழை'. எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, கார்வான் பெட்டியில சொருகிட்டேன். (பெரியவங்களுக்குன்னே 2017ல சரிகமா கொண்டு வந்த ரேடியோப் பெட்டி. எச்.எம்.வி. தட்டு போட்ட அதே கிராமபோன் கம்பெனிதான் பின்னாடி சரிகமான்னு பேர் மாத்திக்கிச்சு. திருகற பட்டன் இருக்கறதால பெரியம்மாவே போட்டுக்கறாங்க.)

பெட்டிய எங்க வைக்கறதுங்கறதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு. பக்கத்துல வச்சா எரிச்சலானார். காதுல ஹெட்போன் மாட்டினா பிடுங்கி எறிஞ்சார். யோசிச்சுப் பார்த்தா காரணம் புரிஞ்சுது. மைக் செட்காரர் பாட்டைப் பக்கத்துல கேட்டதே இல்ல. அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் உக்காந்திருப்பார், குழாய் தூரத்துல தென்னமரத்து உச்சியில தெருவப் பார்த்துப் பாடும். பாட்டு அவருக்கு எப்பவும் தெருக்கோடியிலேர்ந்துதான் வரணும். பெட்டிய எடுத்துட்டுப் போய் பால்கனியில உயரமா, வெளியப் பார்த்து வச்சேன். பாஸ் குறைச்சேன், குழாயில பாஸ் ஏது.

சாயங்காலம், வெயில் இறங்கறதுக்கு முன்னாடி, அவர் சட்டை தேடறதுக்கு முன்னாடியே, 'பொண்ணு அழைப்பு' ஃபோல்டர். முதல் பாட்டு எப்பவும் சீர்காழி பாடின பிள்ளையார் பாட்டு, அது எழுதப்படாத சட்டம்.

கையில விரிசல் விட்ட ஒரு பழைய தட்டும் துணியும் கொடுத்துடுவோம். பாட்டு ஓட ஓடத் துடைச்சுக்கிட்டே இருப்பார், பள்ளம் போற திசையிலயே. நடுவுல யாராவது போனா, "அந்த கிழக்குக் குழாய் சரியாக் கேக்குதா பாரு"ம்பார். "கேக்குது முதலாளி"ன்னு சொன்னாப் போதும்.

இப்ப அவர் கடைக்குப் போகணும்னு கேக்கறது குறைஞ்சிருக்கு. கடையிலதானே இருக்கார்.

தினமும் இப்படி நடக்குதான்னா இல்ல. சில நாள் எதுவும் எடுபடாது. அன்னிக்கு பாட்ட நிறுத்திட்டு பெரியம்மா கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இதை மறைக்காம சொல்லணும், ஏன்னா பாட்டு கேட்டா மறதி நோய் குணமாகுதுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துது. குணமாகாது. 2018ல காக்ரேன் குழு அதுவரைக்கும் நடந்த சோதனைகளத் திரட்டிப் பார்த்து என்ன சொல்லுச்சுன்னா, இசையால மனச்சோர்வு குறைய வாய்ப்பிருக்கு, நடத்தையில வர்ற சிக்கல்கள் ஓரளவு குறையலாம், ஆனா அறிவாற்றலுக்குப் பெரிய பலன் இல்ல, ஆவேசத்துக்கும் இல்ல. அதனால மருந்த நிறுத்திட்டு பாட்டு போடற வேலை வேண்டவே வேண்டாம்.

ஆனா பாட்டு மட்டும் ஏன் தங்குதுன்னு கேட்டா, அதுக்கும் தேடியிருக்காங்க. 2015ல ஜெர்மனியில லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், ரொம்ப நாள் பழகின பாட்டு மூளையில எங்க தங்குதுன்னு பார்த்தாங்க. அல்சைமர்ல மத்த பகுதிகள விட அந்தப் பகுதி குறைவாத்தான் சேதமாகுதுன்னு தெரிஞ்சுது. அதோட, பத்து வயசுலேர்ந்து முப்பது வயசுக்குள்ள கேட்டது, பார்த்ததுதான் மனசுல ரொம்ப ஆழமா நிக்கும்ங்கறது பழைய கண்டுபிடிப்பு. பெரியப்பாவுக்கு அந்த வயசு 1950களும் 60களும். முழுக்க முழுக்கத் தட்டுக் காலம்.

ஸ்காட்லாந்துல 2013லேர்ந்து 'பிளேலிஸ்ட் ஃபார் லைஃப்'னு ஒரு அமைப்பு இதையே வேலையா செய்யுது. மறதி நோய் வந்தவங்களுக்கு அவங்கவங்க வாழ்க்கைப் பாட்டத் தேடித் தொகுத்துக் கொடுக்கணும்ங்கறதுதான் அவங்க கொள்கை. பொதுவா 'பழைய பாட்டு' போட்டா பத்தாது, அந்த ஆளோட பாட்டு வேணும். பெரியப்பா பென்சிலால எழுதி வச்சிருந்தது அதுதான். அவரோட தொகுப்ப அவரே போட்டு வச்சுட்டார்.

ஒரு எச்சரிக்கை. அவரோட பாட்டுலயும் எல்லாம் ஆகாது. 'பாசமலர்'லயே அண்ணன் தங்கச்சி சோகப் பாட்டு ஒண்ணு போட்டப்ப விசும்பி விசும்பி அழுதார். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க, சின்ன வயசுலயே போயிட்டாங்க. பேர் சொல்லத் தெரியல, ஆனா அழுகை நிக்கல. பெரியம்மா அந்தத் தட்ட எடுத்துத் தனியா வைக்கச் சொல்லிட்டாங்க. அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. முதல் தடவை எந்தப் பாட்டு போட்டாலும் பக்கத்துல உக்காந்து முகத்தப் பாருங்க. போட்டு விட்டுட்டு வேலையப் பார்க்கப் போகாதீங்க. நாள் முழுக்கவும் ஓட விடாதீங்க, அரை மணி, முக்கால் மணி போதும்.

'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு போட்ட அன்னிக்கு மட்டும் அந்தக் கணக்கெல்லாம் செல்லல. தருமி புலம்பல் வந்ததும் நாகேஷுக்கு முன்னாடியே பெரியப்பா பேச ஆரம்பிச்சுட்டார். சிவாஜி வசனத்துக்கு நாற்காலியிலேர்ந்து எழுந்தே நின்னார். அக்கா பையன் பூரிச்சுப் போய், "தாத்தா இன்னொரு தடவை!"ங்கறான். நாங்க எல்லாரும் சாப்பிட மறந்துட்டோம்.

அரக்குத் தட்டுகளப் பாதுகாக்கிற பெரிய வேலைய நம்ம ஊர்ல பல பேர் செஞ்சிருக்காங்க. சென்னையில வி.ஏ.கே.ரங்காராவ் ஆயிரக்கணக்குல 78 தட்டு சேர்த்து வச்சவர். விக்ரம் சம்பத் தொடங்கின 'ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்'ல பழைய கிராமபோன் பதிவுகள டிஜிட்டல் ஆக்கி யார் வேணாலும் கேக்கற மாதிரி வச்சிருக்காங்க. அவங்களுக்கு இருக்கறதுலயே கீறல் இல்லாத நல்ல பிரதி வேணும். அது ஊருக்கான வேலை. எனக்கு வேண்டியிருந்தது பெரியப்பா கையில தேய்ஞ்ச பிரதி. ரெண்டும் வேணும். ஆனா ரெண்டாவத நம்ம வீட்டுல நாமதான் செய்யணும், வேற யாரும் வந்து செய்ய மாட்டாங்க.

(சட்டம் பத்தி ஒரு வார்த்தை: நம்ம நாட்டுல ஒலிப்பதிவு வெளிவந்த அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம் காப்புரிமை. வீட்டுல ஒருத்தர் கேக்கறதுக்காக ஏத்திக்கறது வேற, அதை நெட்ல ஏத்தி விடறது வேற. நான் ஏத்தல.)

2023ல வந்த ஒரு ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவுல அறுபது வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பாங்க. அவங்க எல்லாரும் மைக் செட் போட்டவங்க இல்லதான். ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி இருக்கும். திருச்சி வானொலியில தினம் கேட்ட பாட்டு, டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் குடுக்கும்போது போட்ட பாட்டு, பஜனை மடத்துப் பாட்டு, மில்லுல சங்கத்துப் பாட்டு.

அதனால ரெண்டே ரெண்டு வேண்டுகோள்.

பரண்ல பழைய ரெக்கார்டு கிடந்தா பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடாதீங்க, வால் கிளாக் பக்கத்துல அலங்காரமா ஆணி அடிச்சும் மாட்டாதீங்க. நிமித்தி வைங்க, படுக்கப் போட்டு அடுக்காதீங்க. உறையில எழுதியிருந்தா அந்த உறையையும் போட்டோ எடுத்து வைங்க.

ரெண்டாவது, உங்க அப்பா, அம்மா, தாத்தா, அத்தை நல்ல ஞாபகத்தோட இருக்கிறப்பவே பக்கத்துல உக்காந்து கேளுங்க. எந்தப் பாட்டு, எங்க கேட்டீங்க, யார் கூட இருந்தாங்க, எது வேணவே வேணாம். ஒரு நோட்டுல எழுதிக்கங்க. இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிங்க.